அண்ணன் காதுக்கு நூற்றைம்பது வாட்

என் ஜெராக்ஸ் கடைக்கும் பல்லுக்காரர் பட்டறைக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. பேருக்குத்தான் சுவர். இந்தப் பக்கம் நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் அந்தப் பக்கமிருந்து "எனக்கு ரெண்டு வை" என்று குரல் வரும். அதனால் அவர் வீட்டு விஷயம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கக் கூடாது. நான் ஒட்டுக் கேட்கிற ஆள் இல்லை. காது இருக்கிறது, விழுகிறது.

பல்லுக்காரர் டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளி வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் வரிசை அடுக்கி, கடைசியில் ரோஸ் நிற ஈறோடு கட்டிய செட்டாக்கித் திருப்பி அனுப்புவார். முப்பது வருஷ வேலை. எங்கள் பக்கத்தில் வயதானவர் யாராவது உங்களைப் பார்த்துப் பளிச்சென்று சிரித்தால், அது பாதிக்குப் பாதி இவர் கைவேலையாக இருக்கும். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. பிடிவாதக்காரர் என்று எல்லாரும் சொல்வார்கள், அவர் மனைவி தினமும் சொல்வார்.

இவருக்கு ஒரே ஓர் அண்ணன். ஆறு மணி நேர பஸ் தூரத்தில் வேறு ஊரில் இருக்கிறார். எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்ப் படிக்கல்லைத் தூக்கிப் பார்த்தே வாழ்ந்த மனிதர். ஊரில் அவருக்குத் 'தராசு' என்று பெயர். வீட்டில் உப்பு போடுவதைக்கூட நிறுத்துத்தான் போடச் சொல்வார் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். ஆனால் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள், அப்படிப்பட்ட ஆள்.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகிறது. காரணம், சொத்து இல்லை, பாகப்பிரிவினை இல்லை. ஒரு மேல்வரிசைப் பல் செட்.

அண்ணன் ஓய்வு பெற்ற அன்று காலையில்தான் தம்பி அந்தச் செட்டை மாட்டிவிட்டார். ஊரார் பல்லுக்கு டாக்டர் அச்சு எடுத்தாலும், அண்ணன் பல்லுக்கு அச்சிலிருந்து கடைசிப் பாலிஷ் வரை எல்லாம் இவர் வேலை. மாட்டிவிட்டு, புது செட் ஈறில் உட்கார நாலு தடவை வந்து ராவிக்கொள்ள வேண்டும், அதுவரை அதிகம் பேச வேண்டாம் என்று சொன்னாராம். சாயங்காலம் பாராட்டு விழாவில் பத்து நிமிஷம்தான் பேசுவேன் என்றாராம் அண்ணன். மேடை ஏறியவர் ஐம்பது நிமிஷம் பேசினார். 'முத்திரையிடப்படாத எடைக்கல் சமுதாயத்தின் சாபம்' என்கிற இடத்தில், 'சாபம்' வரும்போது செட் கழன்று மேஜைமேல் விழுந்தது. பரிசாகக் கொடுத்த பித்தளைத் தராசின் தட்டில் நேராகப் போய் விழுந்தது என்று சிலர் சொல்வார்கள். நான் அங்கே இருந்தேன். மேஜை விரிப்பில்தான் விழுந்தது. தராசு அரை அடி தள்ளி இருந்தது.

கூட்டம் சிரித்தது. அண்ணன் கைக்குட்டையில் பல்லை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது முதல் வரிசையில் பார்த்தது தம்பியை. தம்பியும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்து நாற்காலியில் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

அதோடு சரி. தம்பி குரல் கேட்டால் அண்ணன் போனை வைத்துவிடுவார். தம்பி இரண்டு முறை நேரில் போனார். அண்ணி கதவைத் திறந்து, அவர் தூங்குகிறார் என்றார். பகல் பதினொரு மணிக்கு. உள்ளே அவர் இருமுவது வாசலுக்குக் கேட்கிறது. பெண்கள் இருவரும் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், அது ஆண்கள் இருவருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

தராசுக்கு ஒரு பழக்கம் உண்டு. அமெச்சூர் வானொலி. லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தபடி கம்பியில்லாமல் உலகத்தோடு பேசுகிற ஆட்கள் இருக்கிறார்களே, அந்தக் கூட்டம். தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் இருபது முப்பது பேர் கூடுவார்கள். அந்தச் சபையை நடத்துகிறவர் தராசு. யார் லைசென்ஸோடு கிடைத்த தன் அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிட்டாலும், சபை நடத்துகிறவர் பதில் சொல்லியாக வேண்டும், நோட்டில் எழுதியாக வேண்டும். அது அவர்கள் ஒழுங்கு. தராசு ஒழுங்கை மீறுகிற ஆள் இல்லை.

பல்லுக்காரர் மூளை இந்த இடத்தில்தான் வேலை செய்தது. போனை வைக்கலாம், கதவைச் சாத்தலாம், காற்றை என்ன செய்வார். நாற்பத்தேழு வயதில் வானொலிப் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தார். இரண்டு தடவை தோற்றார், மூன்றாவது தடவை தேறினார். தானே ஒரு சின்னப் பெட்டி செய்தார், ஐந்து வாட். பட்டறை மாடியிலிருந்து என் கடைக் கூரைவரை செம்புக் கம்பி கட்டினார். என் கூரையைக் கேட்கும்போது மட்டும் என்னை 'முதலாளி' என்றார், கட்டி முடித்ததும் பழையபடி 'ஜெராக்ஸு' ஆகிவிட்டேன்.

ஐந்து வாட் என்பது திருவிழாக் கூட்டத்தில் ஒரு கொசு பாடுகிற மாதிரி. காலைச் சபையில் இவர் தினமும் கூப்பிடுவார். அண்ணன், யாரோ பலவீனமாக வருகிறார்கள், பிறகு பார்க்கலாம் என்று அடுத்த ஆளைக் கூப்பிடுவார். ஒருநாள் இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்த ஒரு பேக்கரிக்காரர், இவர் அழைப்புக் குறி எனக்குக் கேட்கிறது, நான் வாங்கி உங்களுக்குச் சொல்லட்டுமா என்று தராசிடம் கேட்டார். பதிலை நானே பட்டறையில் உட்கார்ந்து கேட்டேன்.

"வேணாம் சார். அந்த ஸ்டேஷன் என் காதுல நேரா விழட்டும். விழுந்தா எடுத்துக்கறேன்."

பல்லுக்காரர் பெட்டியை அணைத்தார். அண்ணனுக்கு நிஜமாகவே கேட்கவில்லையா, கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறாரா என்று நான் விசாரித்தேன். அதைப் பற்றி இனிமேல் யோசிக்கத் தேவையில்லை, கேட்கவில்லை என்று சொல்லவே முடியாதபடி செய்துவிடலாம் என்றார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, முப்பத்தைந்து நாள்தான் பாக்கி. அந்தப் பெண்ணுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, முழங்காலில் ரத்தம் வந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் பெரியப்பா. அவள் அழவில்லை, ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

"பெரியப்பா வராம மண்டபம் வேணாம்பா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறோம். நீங்க ரெண்டு பேரும் சிரிச்சதுக்கும் அழுததுக்கும் நான் ஏன் மேடையில உக்காந்து பதில் சொல்லணும்?"

அப்பன் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது. ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை.

மறுநாளே பழைய படகுகளைப் பிரித்து விற்கிற ஒருவரிடமிருந்து கடல் வானொலிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாம்பல் நிறம், துணி திணித்த சூட்கேஸ் கனம். முன்னால் சானல் எண் போட்ட ஒரு பெரிய குமிழ், மூடி போட்ட ஒரு சிவப்புப் பட்டன். நூற்றைம்பது வாட். நடுக்கடலில் இருந்து கரையை எழுப்புகிற சாமான். திறந்து பார்த்தால் உள்ளே உப்பு பூத்துக் கிடந்தது. ஒரு மணி நேரம் தட்டித் தடவிப் பார்த்துவிட்டு, கேட்கிற பாதி செத்துவிட்டது, பேசுகிற பாதி நன்றாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். "உன்னை மாதிரியே," என்று என் பக்கம் திரும்பிச் சேர்த்துக்கொண்டார்.

அதனால் கேட்பதற்குப் பழைய சின்னப் பெட்டி, பேசுவதற்கு இந்தப் பெரிய பெட்டி என்று ஏற்பாடு ஆயிற்று. இந்த ஏற்பாடு பின்னால் அவரைப் படுத்தப்போகிறது என்று அப்போது அவருக்கும் தெரியாது.

முதலில் வயர்லெஸ் ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார். வந்ததும் அந்தச் சிவப்புப் பட்டனின் கம்பியைக் கழற்றினார். அது கடலில் உயிருக்குத் தவிக்கிறவன் அமுக்குகிற பட்டன், அதை வீட்டில் வைத்துக்கொண்டு தப்பித் தவறி அமுக்கினால் பாவம் என்றார். அதற்குப் பிறகுதான் மற்ற வேலை.

கடல் பெட்டிக்குள் உப்புக் காற்று போகாமலிருக்க எல்லாவற்றின் மேலும் கெட்டியாக வார்னிஷ் பூசியிருப்பார்கள். சாதாரண மெக்கானிக்குக் கை வைக்க முடியாது, சூடு வைத்தால் ஈயம் ஒட்டாது. பல்லுக்காரர் பல்லில் கறை சுரண்டுகிற வளைந்த கொக்கியை எடுத்தார். கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி. கடைவாய்ப் பல் இடுக்கில் நுழைகிற மாதிரி நுழைந்து, சுற்றியிருப்பது எதற்கும் நோகாமல் வார்னிஷை மட்டும் உரித்தார். உள்ளே அரிசி அளவுக்கு ஒரு டயோடு. அது இருக்கும்வரை கப்பல்களுக்கு ஒதுக்கிய அலைவரிசை தவிர வேறெதிலும் பெட்டி வாயைத் திறக்காது. அதை நறுக்கி எடுத்துப் பருத்திப் பஞ்சில் வைத்தார், பல் பிடுங்கினவர் காட்டுகிற மாதிரி என்னிடம் காட்டினார். நான் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று பெட்டியைக் கேட்டேன்.

கப்பல்காரர்கள் பேசுவது அலையின் மேல் பாதியிலாம், இவர்கள் சபை பேசுவது கீழ்ப் பாதியிலாம். அதற்கு ஒரு கிரிஸ்டலை மாற்றினார். கடைசியில் சானல். பெட்டியின் சானல் எல்லாம் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சிப்பில் எழுதியிருக்கிறது. கடுமையான ஊதாக்கதிர் அரை மணி நேரம் பட்டால்தான் பழைய எழுத்து அழியும். அதற்கென்று தனி மெஷின் வேண்டுமாம். பல்லுக்காரர் சிரித்தார். பல் சாமான்களைக் கிருமி போகச் சுத்தம் பண்ணுகிற ஊதா விளக்குப் பெட்டி பட்டறையில் இருபது வருஷமாக இருக்கிறது. யாருக்கோ செய்த கீழ்வரிசைச் செட்டுக்குப் பக்கத்தில் சிப்பைப் படுக்க வைத்து மூடினார். அரை மணி கழித்து எடுத்தால் சிப் வெள்ளைத் தாள். கப்பல் சானல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. டி.வி. மெக்கானிக்கிடம் கொண்டுபோய், காலைச் சபையின் அலைவரிசை ஒன்றை மட்டும் அதில் எழுதிக்கொண்டு வந்தார்.

கம்பியில் மாட்டுவதற்கு முன்னால் ஒரு பெரிய பல்பில் மாட்டிச் சோதனை செய்தார். மைக்கைப் பிடித்து "அண்ணா" என்றார். பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது. பட்டறைச் சுவரில் இருந்த பல் அச்சுகள் எல்லாம் ஒரு கணம் தெரிந்து மறைந்தன. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை எரிந்தது. பலத்தைப் பார்த்தவர், அலை சரியான இடத்தில்தான் நிற்கிறதா என்று பார்க்கவில்லை. பெட்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்து எழுதினது எப்படித் தப்பாகும் என்று நம்பிக்கை.

மறுநாள் காலை ஏழு மணி. நான் டீ கிளாஸோடு போய் உட்கார்ந்தேன். இவர் மைக்கை அமுக்கி, அழைப்புக் குறியை நிறுத்தி நிதானமாக மூன்று தடவை சொன்னார். சின்னப் பெட்டியில் அண்ணன் குரல் வந்தது.

"யாரோ ரொம்பப் பலமா வர்றீங்க சார். இந்தச் சபையில இவ்வளவு பலமா யாரும் வந்ததில்ல. ஆனா ஒரு வார்த்தை புரியல. பல்லு இல்லாதவர் பேசற மாதிரி இருக்கு. ஒன்றரை கிலோஹெர்ட்ஸ் கீழ நிக்கறீங்க, மேல வாங்க."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். இல்லாவிட்டால் மூக்கில் ஏறியிருக்கும். பல்லுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பல்பு இருந்திருந்தால் எரிந்திருக்கும்.

மற்றவர் பெட்டியில் குமிழைத் திருப்பினால் அலை நகரும். கடல் பெட்டியில் நகராது, எழுதிவைத்த சானல்தான். ஆகவே மறுபடி சிப்பைக் கழற்று, ஊதா விளக்கில் படுக்க வை, டி.வி. மெக்கானிக்கிடம் போ, எழுது, மாட்டு. ஒரு நாள் ஆகிவிடும். கிரிஸ்டலை மாற்றியதில் கணக்கு தலைகீழாகியிருந்தது அவருக்கு ஞாபகமில்லை. கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டார். இரண்டாம் நாள் வாத்து கத்துகிற மாதிரி போயிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் சபையைக் கெடுக்காதே, போ என்று விரட்டியிருப்பார்கள். தராசு விரட்டவில்லை. அளவு தப்பினதைப் பார்த்துவிட்டால் திருத்தாமல் விடமுடியாத ஜென்மம்.

"எதிர்த் திசையில போயிட்டீங்க சார், பரவால்ல. இப்போ மூணு கிட்ட கீழ இருக்கீங்க. அவசரப்படாதீங்க. நாளைக்கு இதே நேரம் வாங்க. நான் காத்திருக்கேன்."

பல்லுக்காரர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவரைப் பார்த்து 'சார்' என்று சொன்னது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. ஆறு வருஷம் கழித்து, காத்திருக்கேன் என்று வேறு.

மூன்றாம் நாள் குறை அறுநூறு சைக்கிள்வரை வந்துவிட்டது. ஆயிரம் சைக்கிள் ஒரு கிலோஹெர்ட்ஸ். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி பாதி புரிந்திருக்கும்போல. அழைப்புக் குறியில் கடைசி எழுத்து மட்டும் கிடைத்தது என்றார் தராசு. பிறகு, "உங்க குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு சார்," என்றார்.

அன்று சாயங்காலம் பல்லுக்காரர் கடல் பெட்டியின் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எழுத்தெழுத்தாகப் படித்தார். தப்பு அகப்பட்டது. கப்பல் பட்டியலில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் இரண்டு எண் உண்டு, பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில். இரண்டுக்கும் ஒன்று புள்ளி நாலு கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம். சிப்புக்கு எழுத வேண்டியது மேல் எண், இவர் கீழ் எண்ணை எழுதியிருக்கிறார். அமெச்சூர்காரர்கள் ஒரே எண்ணில் பழகியவர்கள், கடல்காரர்கள் இரண்டில் பழகியவர்கள். படகில் ஒரு நாள் வேலை பார்த்தவன்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டான்.

இனிமேல் ஒரே முறை எழுதினால் போதும், அச்சாக உட்கார்ந்துவிடும். ஆனால் சிப்பை ஊதாப் பெட்டியில் வைத்தவர், விளக்கைப் போடாமல் நின்றார். எனக்குப் புரிந்தது. குரல் தெளிந்தால் ஆள் தெரிந்துவிடும். ஆள் தெரிந்தால் 'சார்' போய்விடும், காத்திருக்கேன் போய்விடும். அண்ணன் ஒழுங்குக்கு நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டால் கதை முடிந்தது.

நான் ஒரு யோசனை சொன்னேன். இப்படியே இருந்துவிடலாம், இன்னும் பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே போகலாம், பழக்கம் நன்றாக முற்றியதும் யாரோ ஒரு நண்பராக, எங்கள் வீட்டில் கல்யாணம், வந்து போங்கள் சார் என்று கூப்பிட்டுவிடலாம். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

"தெரியாத ஆளா நின்னு கூப்பிட்டா, தெரியாத ஆள் வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் வருவார்," என்றார். விளக்கைப் போட்டார். "அதோட, தப்பா இருக்குன்னு தெரிஞ்ச வேலையை நான் வெளிய அனுப்பினதில்ல."

டி.வி. மெக்கானிக் மறுநாள் காலையில் கடை திறக்கத் தாமதமாகிவிட்டது, அன்றைய சபைக்குப் போக முடியவில்லை. சின்னப் பெட்டியில் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தோம். தராசு எல்லாரையும் கூப்பிட்டு முடித்தார். பிறகு, அந்தப் பலமான சார் இன்றைக்கு வரவில்லையா, யாருக்காவது கேட்கிறதா என்றார். சபையைப் பத்து நிமிஷம் தாமதமாக முடித்தார். அவர் வாழ்க்கையில் எதையும் தாமதமாக முடித்ததில்லை என்று பல்லுக்காரர் சொன்னார், ஓய்வு நாள் பேச்சைத் தவிர.

அடுத்த நாள் ஏழு மணி. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், யாரோ பார்க்கப் போகிற மாதிரி. அவர் மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றார். மகள் வேலைக்குப் போகிற பையோடு படியில் உட்கார்ந்தாள். அழைப்புக் குறியை ஒரே ஒரு தடவை சொன்னார்.

பெட்டியில் இரைச்சல் மட்டும் வந்தது. பேக்கரிக்காரர் குறுக்கே வந்து, தராசு சார் இருக்கிறீர்களா என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் இரைச்சல்.

"இருக்கேன்," என்றது அண்ணன் குரல். "அந்த ஸ்டேஷனை நேராக் கேட்டேன். பலம் ஒன்பது, தெளிவு அஞ்சு. நோட்டுல எழுதிட்டேன்." அவர்கள் கணக்கில் அது முழு மார்க். "குடும்ப விஷயம் பேச இது இடமில்ல. சபை முடிஞ்சதும் பத்து கிலோஹெர்ட்ஸ் கீழ வா."

'வாங்க' 'வா' ஆகிவிட்டது. பல்லுக்காரர் மனைவி கரண்டியால் கண்ணைத் துடைக்கப் போனார், கடைசி நேரத்தில் முந்தானைக்கு மாறினார். ஆனால் பத்து கிலோ கீழே எப்படிப் போவது.

"கீழ வர முடியாதுண்ணா. இது கடல் பெட்டி. எழுதின சானல்தான். இந்த ஒண்ணுதான் எழுதியிருக்கேன்."

"மத்த சானல்?"

"அழிச்சாச்சு."

"கப்பல் சானல்லாம்?"

"ஒண்ணுகூட இல்ல. சிவப்புப் பட்டன் கம்பியும் எடுத்தாச்சு."

"சரியான வேலை," என்றார் தராசு. ஆறு வருஷத்தில் தம்பி வேலைக்கு அவர் கொடுத்த முதல் முத்திரை.

வேறு வழியில்லாமல், சபையை இத்தோடு முடிக்கிறேன், மற்றவர்கள் தயவுசெய்து விலகிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார். ஒவ்வொருவராக நன்றி, வணக்கம் என்று விடைபெற்றார்கள். ஒருவரும் பெட்டியை அணைக்கவில்லை. பின்னால் பேக்கரிக்காரர் எனக்கு வரி வரியாக ஒப்பித்தார், முப்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பல்லுக்காரர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"அண்ணா, பல்லு வேலையில தப்பில்ல. நாலு தடவை வந்து ராவிக்கணும், அதுவரைக்கும் அதிகம் பேசாதீங்கன்னேன். நீங்க அம்பது நிமிஷம் பேசினீங்க. அதை நான் எப்பவும் விட்டுக் குடுக்க மாட்டேன். ஆனா நான் சிரிச்சேன். அது தப்பு. முழுக்க என் தப்பு."

"முதல் வரிசையில உக்காந்து சிரிச்சே."

"ஆமாண்ணா."

"உன் பக்கத்துல அந்த ஜெராக்ஸ்காரன். உன்னைவிட அதிகமாச் சிரிச்சான். நாற்காலியில இருந்து சரிஞ்சே போயிட்டான்."

தராசுக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் முன்னே பின்னே இருக்கும்.

பல்லுக்காரர் கல்யாணத் தேதியைச் சொன்னார், மண்டபத்தைச் சொன்னார், உங்கள் பிள்ளை உங்களுக்காகப் படியில் உட்கார்ந்திருக்கிறாள் என்றார். அண்ணன் அதற்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

"இன்னும் எண்பது சைக்கிள் கீழ இருக்கே," என்றார். "எண்பது சைக்கிள்னா மத்தவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இதை வச்சுக்கிட்டு தினம் என் சபையில வரக் கூடாது. ஞாயித்துக்கிழமை வர்றேன். நான் வர்ற வரைக்கும் அதுல கை வைக்காதே."

பெட்டி இரைச்சலுக்குப் போய்விட்டது. மகள், இதற்கு என்ன அர்த்தம், கல்யாணத்துக்கு வருவாரா மாட்டாரா என்று என்னைக் கேட்டாள். எண்பது சைக்கிளுக்காக ஆறு மணி நேரம் பஸ் ஏறுகிற மனிதரைப் பற்றி நான் என்ன சொல்ல. மண்டபத்துக்கு முன்பணம் கட்டலாமா என்று அவள் அம்மா கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை வரை இருக்கட்டும் என்றாள்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார் தராசு. கையில் துணிப் பை, உள்ளே துண்டில் சுற்றிய, அலை அளக்கிற ஒரு மீட்டர். வாசலில் தம்பி மனைவி வாங்க என்றார், வந்தேன் என்றார். மகள் காலைத் தொட்டாள், முழங்கால் தழும்பு போய்விட்டதா என்று விசாரித்தார். தம்பியைப் பார்த்து, "ஸ்க்ரூடிரைவர்," என்றார். தம்பி எடுத்துக் கொடுத்தார். நான் என் கடையை அன்றைக்குத் திறக்கவில்லை, வேறு ஒரு முக்கியமான வேலை இருந்தது, அதாவது அந்தப் பட்டறையில் ஓர் ஓரமாக நிற்பது.

அண்ணன் மீட்டரை மாட்டி, கிரிஸ்டல் பக்கத்தில் இருந்த சின்னத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். எண்பது, ஐம்பது, இருபது, பூஜ்யம். வார்னிஷ் எப்படி இவ்வளவு சுத்தமாக உரிந்தது என்று கேட்டார். தம்பி கொக்கியைக் காட்டினார். டயோடு எங்கே என்றார். பஞ்சில் இருந்ததைக் காட்டினார். கிரிஸ்டல் எங்கே கிடைத்தது, அடுத்து ஒரு சானல் சேர்க்க முடியுமா, கேட்கிற பாதியை உயிர்ப்பிக்க என்ன வழி என்று இரண்டு பேரும் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். ஆறு வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஆனால் பல்லுக்காரர் பெட்டியை மட்டும் பார்க்கவில்லை, அண்ணன் தாடையையும் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எங்கோ கட்டிய மேல்வரிசை. பேசும்போது நாக்கால் முட்டுக் கொடுத்து நிறுத்துகிறார். அண்ணன் மீட்டரைத் துண்டில் சுற்றும்போது தம்பி, அந்த நாற்காலியில் உட்காருங்கள் என்றார். அண்ணன் மறுத்தார். உங்களுக்கு எண்பது சைக்கிள் எப்படியோ எனக்கு இது அப்படி, பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்றார் தம்பி. தராசு உட்கார்ந்தார்.

பழைய செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அச்சு மாவைக் குழைத்துத் தட்டில் நிரப்பி அண்ணன் வாய்க்குள் வைத்து மேலே அழுத்தினார். மூன்று நிமிஷம் அசையக் கூடாது, பேசக் கூடாது, தலையைக்கூட ஆட்டக் கூடாது என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் வாய் அடைபட்டு, கண் மட்டும் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படியில் மகள் நின்றாள். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று பல்லுக்காரருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"புது செட் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடியே தயாராயிடும்ணா. நாலு தடவை வந்து ராவிக்கிட்டா கழலாது. அன்னைக்கு மேடையில எங்க பக்கத்துல நீங்க நிக்கணும். நிப்பீங்களா?"

அண்ணன் படியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். மேலும் கீழுமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், இரண்டு தடவை.

அச்சு கெட்டுவிட்டது. பல்லுக்காரர் தட்டை வெளியே எடுத்துக் கழுவிவிட்டு, இரண்டாவது தடவைக்கு மாவு குழைக்க ஆரம்பித்தார்.